மூன்று மாதம் தங்க எந்த நாடு? விசா நாளோடு வீட்டு முகவரியையும் சேர்த்துப் பாருங்கள்

ஓய்வு பெற்ற கையோடு, இரண்டு மூன்று மாதம் வெளிநாட்டில் ஒரே ஊரில் நிதானமாகத் தங்கிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். லேப்டாப்பும் கையுமாக எங்கிருந்தும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அப்படித்தான். இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "அங்கே எத்தனை நாள் விடுகிறார்கள்?" என்ற ஒரே கேள்வி. அந்த எண்ணை மட்டும் நம்பி டிக்கெட் போட்டவர்கள் இரண்டாவது மாதத்தில் திண்டாடுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு இருக்கின்றன. நாள் தீர்ந்தால் நீட்டிப்பு எங்கே, எப்படிக் கிடைக்கும்? நாம் தங்கும் வீட்டு முகவரியை அந்த நாட்டு அரசிடம் பதிவு செய்யும் பொறுப்பு யாருடையது? இரண்டும் வெவ்வேறு விஷயம்போலத் தெரியும். ஆனால் முகவரிப் பதிவு சரியாக இல்லாத இடத்தில் நீட்டிப்பும் நின்றுபோகும். பதிவு செய்ய வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், அவர் செய்யாவிட்டால் கவுன்டரில் கைகட்டி நிற்பது நாம். அதனால் என் கருத்து இதுதான்: நீண்ட நாள் தங்கப் போகிறவர் வாடகையையும் கடற்கரைத் தூரத்தையும் பார்ப்பதற்கு முன்னால், பதிவு செய்துதரும் வீட்டுக்காரரைத் தேட வேண்டும். நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த நாட்டில் அது எவ்வளவு எளிது என்று பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒப்பிடுவது தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நான்கையும், கொஞ்சம் இலங்கையையும். இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்கான கணக்கு இது.

தாய்லாந்து

2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே 60 நாள் என்று தாய்லாந்து அறிவித்தது. இலங்கை பாஸ்போர்ட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 60 நாள் முடிவதற்குள் உள்ளூர் இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போய் 1,900 பாட் கட்டினால் மேலும் 30 நாள் கிடைக்கும். நம் பணத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். மொத்தம் 90 நாள் ஆயிற்று.

ஆனால் இந்த 60ஐ 30 ஆகக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு 2025லிருந்தே அந்த அரசுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த நிச்சயமின்மையே வேண்டாம் என்றால், சுற்றுலா விசாவை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. அதிலும் 60 நாள், நீட்டிப்பு 30 நாள். 2025 ஜனவரியிலிருந்து விண்ணப்பம் முழுவதும் தாய்லாந்தின் அதிகாரப்பூர்வ இ-விசா தளத்தில்தான். கொஞ்சம் பணம் கூடுதலாகும், கையில் விசாவோடு விமானம் ஏறலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

விமானத்தில் கொடுத்து வந்த பழைய வெள்ளைச் சீட்டு இப்போது கிடையாது. 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், கட்டணம் ஒன்றுமில்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள். நீங்கள் முதலில் தங்கப்போகும் இடத்தைத்தான் அதில் எழுத வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையில் இரண்டு தேதி இருக்கும். 'அட்மிட்டட்' என்பது உள்ளே வந்த நாள், 'அன்டில்' என்பது இருக்கலாம் என்ற கடைசி நாள். இறங்கிய நாளே முதல் நாளாகக் கணக்கில் சேரும். நவம்பர் 1ஆம் தேதி இறங்கியவருக்கு 60 நாள் என்றால் கடைசி நாள் டிசம்பர் 30, டிசம்பர் 31 அல்ல. நீட்டிப்புக் கிடைத்தால் ஜனவரி 29 வரை. கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்த இரண்டாவது தேதியைப் படித்துவிடுங்கள். தவறாகக் குத்தியிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துவது எளிது. ஊருக்குள் வந்த பிறகு அது பெரிய வேலை. ஒரு நாள் தாண்டினாலும் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுத் தாமாக வெளியேறினால்கூட ஓராண்டு உள்ளே வர முடியாது. நடுவில் போலீஸ் சோதனையில் பிடிபட்டால் தடை ஐந்தாண்டில் தொடங்குகிறது.

இனி முகவரி. தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டு இமிகிரேஷன் சட்டம், 38ஆம் பிரிவு சொல்வது இது: வெளிநாட்டவர் ஒருவர் தன் வீட்டில் வந்து தங்கினால், வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்துக்கு டிஎம் 30 என்று பெயர். ஹோட்டலில் தங்கினால் செக்-இன் செய்யும்போதே அவர்கள் அனுப்பிவிடுவார்கள், நமக்குத் தெரியக்கூட வராது. தனி கான்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, எடுத்தால்தான் சிக்கல். உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார், சாவியை ஏஜென்ட் கொடுப்பார், டிஎம் 30 பற்றிக் கேட்டால் "அதெல்லாம் தேவையில்லை" என்பார்.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிந்தால் தவிர்ப்பது சுலபம். ஒரு மாதத்துக்குக் குறைவாக நாள் வாடகைக்கு விட வேண்டுமானால் தாய்லாந்தின் 2004 ஹோட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும். கான்டோவை ஆன்லைனில் வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் உரிமையாளரிடம் அது இருக்காது. டிஎம் 30 போட்டால் தானே தன்னைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று பயப்படுகிறார். வாடகை வருமானத்துக்கு வரி கட்டாதவருக்கும் இதே பயம். அதனால் குறைந்தது 30 நாளுக்கு ஒப்பந்தம் போட்டு எடுங்கள். அப்போது உரிமையாளர் ஒளிப்பதற்குக் காரணமில்லை. பதிவு செய்யாத வீட்டுக்காரருக்குச் சட்டப்படி அபராதம் 2,000 பாட் வரைதான். ஆனால் டிஎம் 30 பதிவின் ரசீது இல்லாமல் நீட்டிப்புக்குப் போனால், பல அலுவலகங்களில் நம் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள்.

நீட்டிப்பு கவுன்டரில் எப்படி இருக்கும்? பாங்காக் என்றால் செங் வத்தானாவில் உள்ள அரசு வளாகம். மாகாணங்களில் இருப்பவர் தன் முகவரி எந்த மாகாணமோ அந்த அலுவலகத்துக்கே போக வேண்டும். இதிலிருந்தே முகவரிப் பதிவுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். டிஎம் 7 படிவம், அதில் ஒட்ட 4க்கு 6 சென்டிமீட்டர் போட்டோ, பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கமும் முத்திரைப் பக்கமும் ஜெராக்ஸ், டிஎம் 30 ரசீது, வாடகை ஒப்பந்தம். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் நாமே கையெழுத்துப் போட வேண்டும். சில அலுவலகங்களில் வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம்கூடக் கேட்பார்கள், கூகுள் மேப்பை பிரின்ட் எடுத்துப் போனால் போதும். காலையிலேயே போய் டோக்கன் வாங்கினால் அன்றே முடிந்துவிடும். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்று அரசு விடுமுறையாக இருந்துவிட்டால் மனம் பதறும். ஒரு வாரம் முன்னதாகப் போனாலும் நாள் குறையாது, பழைய கடைசி நாளிலிருந்துதான் 30ஐக் கூட்டுவார்கள்.

90 நாளுக்கு ஒருமுறை தன் முகவரியைத் தானே தெரிவிக்க வேண்டும் என்ற டிஎம் 47 விதியைப் படித்துவிட்டுச் சிலர் குழம்புகிறார்கள். தொடர்ந்து 90 நாளைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் அது. 60ம் 30ம் சேர்த்து 90ல் ஊர் திரும்புகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

90 முடிந்ததும் எல்லையைத் தாண்டிப் போய் மறுநாள் திரும்பி வந்து மீண்டும் 60 வாங்கலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். தரை வழியாக விசா இல்லாமல் நுழைவது ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்ற வரம்பு பல ஆண்டாக உண்டு. 2025 நவம்பரில் இப்படி எல்லை தாண்டித் திரும்புகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில் கெடுபிடி மேலும் கூடியது. ஆறு மாதம் தங்கியே தீர வேண்டும் என்றால் அதற்கென்று 2024ல் வந்த டிடிவி விசா இருக்கிறது. ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாள், கட்டணம் 10,000 பாட், கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைனில் வேலை பார்க்கிறவருக்கு நேர்மையான வழி அதுதான். சுற்றுலா முத்திரையோடு மாதக்கணக்கில் வேலை பார்ப்பது எந்த நாட்டிலும் பாதுகாப்பான ஏற்பாடு அல்ல.

ஒரு குறிப்பு: சியாங் மாய் போக ஆசைப்படுகிறவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிர்த்துவிடுங்கள். வயலையும் காட்டையும் எரிக்கும் புகை ஊரை மூடியிருக்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் நிச்சயம் போகக் கூடாது.

வியட்நாம்

நீட்டிப்பே வேண்டாம், எந்த அலுவலக வாசலையும் மிதிக்க வேண்டாம், வாங்கும்போதே 90 நாள் வேண்டும் என்பவருக்கு வியட்நாம் பொருத்தம். 2023 ஆகஸ்ட் 15 முதல் அவர்களுடைய இ-விசா 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். மூன்று மாதத்துக்கு என்று கணக்குப் பார்த்தால் நான்கு நாடுகளில் இதைவிட மலிவு இல்லை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தாய்லாந்தில் நாள் எண்ணத் தொடங்குவது நாம் இறங்கிய அன்று. வியட்நாம் இ-விசாவிலோ தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் அச்சாகி வரும். விண்ணப்பத்தில் நவம்பர் 1 என்று போட்டுவிட்டு நவம்பர் 12 போய் இறங்கினால், பதினொரு நாள் போனது போனதுதான். ஆகவே விமான டிக்கெட் உறுதியான பிறகு தேதியை நிரப்புங்கள். எந்த விமான நிலையம் அல்லது எல்லைச் சாவடி வழியாக நுழைவீர்கள் என்பதையும் படிவத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வேலை நாளில் கிடைக்கும் என்று தளத்தில் போட்டிருக்கும். டெட் புத்தாண்டு விடுமுறை வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரண்டு வாரம் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிப் பதிவு இங்கே தாய்லாந்தைவிடக் கண்டிப்பு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்குமிடத்தை நடத்துபவர் 12 மணி நேரத்துக்குள் உள்ளூர் வார்டு போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், தொலைதூரப் பகுதிகளில் 24 மணி நேரம். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் ஆன்லைனில் செய்துவிடும். வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கிப் போட்டோ எடுப்பது இதற்குத்தான். தனி வீட்டில் உரிமையாளருக்கு நாமே பாஸ்போர்ட் முகப்பு, இ-விசா, நுழைவு முத்திரை மூன்றையும் படம் எடுத்து அன்றிரவே அனுப்பிவிட வேண்டும். நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் பதிவு. வீடு மாறினாலும் மறுபடியும் பதிவு.

சைகோன் என்று நம்மவர்கள் இன்னும் சொல்லும் ஹோ சி மின் நகரத்தில், குடியிருப்புக்கு மட்டுமே உரிய அடுக்குமாடிகளில் குறுகிய கால வாடகைக்கு 2025 தொடக்கத்தில் தடை வந்தது. அதற்குப் பிறகும் ரகசியமாக விடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் போலீசில் பதிவு செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே சேவையோடு கூடிய அபார்ட்மென்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு உரிமம் உண்டு, பதிவும் தானாக நடக்கும். டா நாங்கிலும் இவை ஏராளம். கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் இதையே எடுக்கச் சொல்வேன்.

90க்கு மேல் தங்க ஆசைப்பட்டால்தான் வியட்நாம் இந்தியர்களுக்குச் செலவு வைக்கிறது. சுற்றுலா இ-விசாவை உள்ளிருந்தபடி நீட்டிப்பதை நம்பித் திட்டம் போட முடியாது. வெளியே போய்ப் புது விசாவோடு வர வேண்டும். மேற்கத்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்புவதை ஒரு பொழுதுபோக்காகச் செய்வார். நாம் பக்கத்தில் உள்ள கம்போடியாவுக்குள் காலடி வைக்கவும் தனி விசா எடுக்க வேண்டும். இந்த மாதிரி யோசனைகளைப் பிற நாட்டவர் வீடியோவில் சொல்வதைக் கேட்டு அப்படியே பின்பற்றாதீர்கள்.

இந்தோனேசியா

பாலி என்றாலே எல்லோருக்கும் ஆசை. வருகை விசா, அதாவது போய் இறங்கும்போது தரும் விசா, 5 லட்சம் ரூபியா, 30 நாள். ஒரே ஒரு முறை மேலும் 30 நாள் நீட்டிக்கலாம், அதற்கும் 5 லட்சம் ரூபியா. பாலிக்கு மட்டும் 2024 பிப்ரவரி 14 முதல் தனியாக ஒரு சுற்றுலா வரி, ஆளுக்கு 1.5 லட்சம் ரூபியா. மூன்றையும் கூட்டினால் இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். இறங்கிய நாள் இங்கேயும் கணக்கில் சேரும்.

முன்பு ஆன்லைனில் வாங்கிய வருகை விசாவை ஆன்லைனிலேயே நீட்டித்துவிடலாம் என்பது இந்தோனேசியாவின் பெரிய வசதியாக இருந்தது. 2025 மே 29 முதல் அது போய்விட்டது. விண்ணப்பத்தையும் பணத்தையும் ஆன்லைனில் முடித்த பிறகு இமிகிரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்பது நீங்கள் தங்கும் பகுதியைப் பொறுத்தது. நுரா ராய், டென்பசார், சிங்கராஜா என்று பாலியில் மூன்று. வடக்கே லோவினா கடற்கரையில் ஒரு மாதம் அமைதியாக இருப்பவருக்கு சிங்கராஜா பக்கம்தான். ஆனால் வீட்டை இரண்டாவது மாதம் தெற்கே மாற்றத் திட்டமிட்டிருந்தால், எந்த முகவரியில் விண்ணப்பிக்கிறோம் என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முகவரிப் பதிவைச் செய்ய வேண்டியவர் இங்கேயும் தங்குமிடம் நடத்துபவரே. 2011ஆம் ஆண்டு இமிகிரேஷன் சட்டத்தில் அதற்கான பிரிவு இருக்கிறது. அபோவா என்ற அரசுச் செயலியில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். வில்லா உரிமையாளர்கள் பலர் அலட்சியமாக இருப்பார்கள். ஆனால் பாலியில் அதிகாரிகள் வில்லாக்களுக்கு நேரில் வந்து பாஸ்போர்ட் கேட்பது உண்டு.

காலாவதியானால் இங்கே தண்டனை நாளுக்குப் பத்து லட்சம் ரூபியா, அதாவது ஒவ்வொரு நாளும் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தலும் தடையும்தான். விமான நிலையத்தின் தானியங்கி வாசல் வழியாக நாட்டுக்குள் வந்தவருக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரையே இருக்காது என்பதால் கடைசி நாளை மறப்பது சுலபம். மின்னஞ்சலில் வரும் அனுமதிச் சீட்டைத் திறந்து தேதியைப் படித்து, போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறவர் வருகை விசாவை விட்டுவிட்டு, ஊரிலிருந்தே சி1 என்ற சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 60 நாளில் தொடங்கி, அறுபது அறுபதாக இரண்டு முறை நீட்டித்து 180 நாள் வரை இருக்கலாம். கணக்கில் 2,000 டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும். உள்ளே போன பிறகு வருகை விசாவை இதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள்.

மலேசியா, இலங்கை

மலேசியாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லை, 30 நாள். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று நீட்டிக்கப்பட்டது. வருவதற்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். முகவரிக்கென்று பயணி தனியாக எந்த அலுவலகத்துக்கும் ஓட வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானம், பிரிக்ஃபீல்ட்ஸில் நம் சாப்பாடு, தமிழ் பேசினால் புரிந்துகொள்ளும் ஆட்கள், பத்துமலை முருகன். பெற்றோரை அழைத்துப் போக இதைவிட இதமான ஊர் கிடையாது.

ஆனால் அந்த 30ஐச் சுற்றுலாவுக்காக நீட்டிக்க முடியாது. உடல்நலக் குறைவு மாதிரியான அவசரத்துக்குத்தான் சிறப்பு அனுமதி. முப்பதாவது நாள் சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பினால் இன்னொரு 30 கிடைத்துவிடும் என்று நினைத்து வீட்டுக்கு மூன்று மாத முன்பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே விடுவதும் விடாததும் கவுன்டர் அதிகாரியின் முடிவு. சுற்றுலா என்று சொல்லி வேலைக்கு வருகிறவர்களை வடிகட்டுவதில் அவர்கள் நம் ஊர்க்காரர்களைக் கூடுதலாக உற்றுப் பார்க்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் மூன்றும் காகிதத்தில் இருக்கட்டும். காலக்கெடு தாண்டித் தங்கினால் சட்டத்தில் கடும் அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. வேலையோடு தங்க விரும்பும் மென்பொருள்காரர்களுக்கு டெ ரந்தாவ் என்ற பாஸ் உண்டு. ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் இருந்தால் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தருகிறார்கள். மற்றபடி மலேசியா ஒரு மாத நாடு.

இலங்கை பற்றி நம்மில் பலர் யோசிப்பதே இல்லை, அது எனக்கு வருத்தம். இடிஏ எனப்படும் மின்னணு அனுமதியில் 30 நாள் தொடங்கி, நீட்டித்து நீட்டித்து ஆறு மாதம் வரை இருக்கலாம். நீட்டிப்பு விண்ணப்பம் ஆன்லைனிலேயே போடலாம், நேரில் போக வேண்டி வந்தால் பத்தரமுல்லையில் அலுவலகம். விசாக் கட்டண விதிகள் 2023லிருந்து பலமுறை மாறியதால், இடிஏ அரசுத் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மொழி, உணவு, கோயில் மூன்றும் வேண்டும், மூன்று நான்கு மாதமும் வேண்டும் என்கிற மூத்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இலங்கையைத்தான்.

யாருக்கு எது

மூன்று மாதம், ஒரே ஊர், அலுவலக அலைச்சல் அறவே கூடாது என்றால் வியட்நாம், அதுவும் உரிமம் உள்ள சேவை அபார்ட்மென்டில். மூன்று மாதம், நல்ல மருத்துவமனைகள் பக்கத்தில் வேண்டும், ஒருநாள் இமிகிரேஷனில் உட்காரத் தயார் என்றால் தாய்லாந்து. இரண்டையும் எடைபோட்டால் அறுபதைக் கடந்தவர்களுக்கு நான் தாய்லாந்துப் பக்கமே சாய்வேன். வயதானவர் நடுவில் நோய்வாய்ப்பட்டால் உள்ளூரிலேயே நாளை நீட்டிக்கும் வழி இருக்கும் நாடு மேலானது. தேதி அச்சடித்த விசாவில் அந்த நெகிழ்வு இல்லை. பாலி இரண்டு மாதத்துக்குச் சரி. மூன்றாவது மாதம் வேண்டுமானால் சி1க்கு முன்பே திட்டமிட வேண்டும்.

எந்த நாடு என்றாலும் வீட்டுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் உரிமையாளருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். தாய்லாந்து என்றால், "நாங்கள் வந்த அன்றே டிஎம் 30 பதிவு செய்து ரசீதின் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவீர்களா?" வியட்நாம் என்றால், "வார்டு போலீசில் தற்காலிகத் தங்கல் பதிவு செய்வீர்களா?" பாலி என்றால், "அபோவாவில் பதிவு உண்டா?" நேராக 'உண்டு' என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "யாரும் கேட்க மாட்டார்கள்", "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள். முதல் மூன்று நாள் ஹோட்டலில் தங்கிக்கொண்டு வீட்டை நேரில் பார்த்து எடுப்பது இன்னும் நல்லது.

நம் பாஸ்போர்ட்டுக்கே உரிய இரண்டு விஷயம் மீதி இருக்கிறது. தமிழர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். ஆன்லைன் படிவங்களில் பெயரை நிரப்பும்போது ஆதாரையோ இன்ஷியலையோ பார்க்காதீர்கள். பாஸ்போர்ட் முகப்புப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். விமான டிக்கெட்டிலும் அதே வரிசை. வியட்நாம் இ-விசாவில் ஓர் எழுத்து மாறினால்கூட எல்லையில் ஏற்க மறுக்கலாம், கட்டிய கட்டணமும் திரும்ப வராது.

இரண்டாவது, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசின் முன் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்றும் ஈசிஆர் நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன, வியட்நாம் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த அனுமதி தேவை, சுற்றுலாவுக்குத் தேவையில்லை. இருந்தாலும் சென்னையிலும் திருச்சியிலும் நம் பக்க இமிகிரேஷன் அதிகாரி ரிட்டர்ன் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் கேட்பார். அம்மாவின் பாஸ்போர்ட் அப்படிப்பட்டதாக இருந்தால் அவரைத் தனி வரிசையில் விடாமல் கூடவே நில்லுங்கள். அவர் பெயரிலேயே ரிட்டர்ன் டிக்கெட்டின் பிரின்ட் அவுட் அவர் கையில் இருக்கட்டும்.

தம்பதியாகப் போகிறவர்கள் வீட்டுப் பதிவிலும் இதே கவனம் வைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கும், உரிமையாளர் அவரை மட்டும் பதிந்துவிட்டு முடிந்தது என்பார். பதிவு ஆளுக்கு ஆள் தனி, நீட்டிப்பும் ஆளுக்கு ஆள் தனி. ஸ்கிரீன்ஷாட் வந்ததும் இரண்டு பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.